பால்வீதியின் மையத்துக்கு ஒரு வழிகாட்டி: வெளியிலிருந்து உள்ளே, படிப்படியாக

பால்வீதியின் மையம் என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேராகக் கருந்துளைக்குப் போய்விடுகிறார்கள். 2022 மே 12 அன்று அதன் படம் வெளியானதிலிருந்து இது இன்னும் அதிகமாகிவிட்டது. கருந்துளை முக்கியம்தான். ஆனால் அதன் நிறை 43 லட்சம் சூரியன்கள். சுற்றியிருக்கும் மையப் புடைப்பின், அதாவது விண்மீன்கள் தடித்துத் திரண்ட நடுப்பகுதியின், நிறையோ 1,500 கோடி சூரியன்களுக்கும் மேல். மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கினால் மீதி எதுவும் விளங்காது.

என் கருத்து இதுதான்: நம் கேலக்ஸியின் மையப்பகுதியைப் புரிந்துகொள்ள முதலில் பிடிக்க வேண்டியது அதன் நடுவே நீளவாக்கில் திரண்டு கிடக்கும் விண்மீன் பட்டையை. புடைப்பு அந்தப் பட்டையிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் வாயு வளையம், அதில் பிறந்த விண்மீன்கள், கருந்துளைக்குப் போகும் தீனி என எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிட்டதும் அந்தப் பட்டைதான். அதனால் வெளியிலிருந்து உள்ளே போவோம். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

படி 1: வானத்தில் இடத்தைப் பிடியுங்கள்

தென்வானில் விருச்சிகத்தைத் தேடுங்கள். செந்நிறக் கேட்டையிலிருந்து வளைந்து இறங்கும் வாலின் கொடுக்கில் மூலம் நட்சத்திரம் இருக்கும். அதற்குக் கிழக்கே தனுசு ராசியின் பிரகாசமான விண்மீன்கள் தேநீர்க் கெண்டி வடிவில் நிற்கும். அந்தக் கெண்டியின் மூக்கு நுனியில் இருப்பது காமா சஜிட்டாரி. கையை நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் ஏறத்தாழ 5 பாகை. மூக்கு நுனியிலிருந்து மேற்கே, சற்று வடக்காக, அந்த மூன்று விரல் தூரத்தில் பால்வீதியின் மையம்.

சென்னையிலிருந்து பார்த்தால் அந்த இடம் அடிவானத்துக்கு மேல் 48 பாகை வரை ஏறும். யாழ்ப்பாணத்தில் 51, கன்னியாகுமரியில் 53. லண்டனில் இருப்பவர்களுக்கு 10 பாகைகூடத் தேறாது. இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பங்குனி, சித்திரையில் விடியற்காலை, ஆனியில் நள்ளிரவு, ஆவணியில் முன்னிரவு என்று நேரம் மாறிக்கொண்டே வரும். நிலா இல்லாத இரவாகவும், ஊர் வெளிச்சம் எட்டாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு தடித்த வெண்புகைத் திட்டு தெரியும். நடுவே கருப்பு விரிசல்களும் தெரியும். நீங்கள் பார்க்கும் வெளிச்சம் மையத்தினுடையது அன்று. மையம் 27,000 ஒளியாண்டு தொலைவில், அந்தக் கருப்பு விரிசல்களுக்குப் பின்னால் இருக்கிறது. விரிசல் என்பது தூசி.

இந்தத் தூசி பெரிய ஆட்களையும் ஏமாற்றியது. 1918இல் ஹார்லோ ஷேப்லி, கோள வடிவ விண்மீன் கொத்துகள் தனுசு பக்கம் கூடிக் கிடப்பதை வைத்து, கேலக்ஸியின் மையம் அங்கேதான், நாம் ஓரத்தில் இருக்கிறோம் என்று சரியாகச் சொன்னார். தூரத்தை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணித்துவிட்டார். தூசி ஒளியைக் குடிக்கிறது என்பது அப்போது கணக்கில் வரவில்லை.

படி 2: பார்க்கும் ஒளியை மாற்றுங்கள்

மையத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்து சேர்கிறது. அகச்சிவப்பில், 2.2 மைக்ரான் அலைநீளத்தில், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வந்துவிடும். எரிக் பெக்லினும் ஜெரி நொய்கெபாவரும் மையத்தின் விண்மீன் கூட்டத்தை முதன்முதலில் கண்டறிந்து 1968இல் அறிவித்தது இந்த அலைநீளத்தை வைத்துத்தான்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தரவு மையம் தரும் அலாடின் லைட் என்ற இலவச வான வரைபடத்தை உலாவியில் திறங்கள். தேடல் பெட்டியில் கருந்துளையின் பெயரான சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்பதை ஆங்கிலச் சுருக்கத்தில் (Sgr A*) தட்டுங்கள். பார்வைப் பரப்பை 2 பாகைக்கு விரியுங்கள். முதலில் டி.எஸ்.எஸ். (DSS) என்ற சாதாரண ஒளிப் படம். ஒன்றும் விசேஷமாக இருக்காது. அப்புறம் பட்டியலில் டூமாஸ் (2MASS) என்ற அகச்சிவப்புப் படத்துக்கு மாறுங்கள். அதே இடத்தில் விண்மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு எழும். கடைசியாக ஸ்பிட்சர் தொலைநோக்கியின் கிளிம்ப்ஸ் (GLIMPSE) படம். இங்கே வெப்பமான தூசியே ஒளிரத் தொடங்கும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், இந்தத் துறையே ஏன் 1960களுக்குப் பிறகுதான் உயிர் பெற்றது என்பது புரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கெண்டி மூக்கின் அருகே என்.ஜி.சி. 6522 என்ற கோளக் கொத்து இருக்கும் திசையில் தூசி மெல்லியது. 1940களில் வால்டர் பாடே அதைப் பயன்படுத்திப் புடைப்பின் விண்மீன்களை எட்டிப் பார்த்தார். இன்றும் அதற்குப் பாடேயின் சாளரம் என்றே பெயர். அந்தப் பார்வைக் கோடு மையத்தைத் தொடாது. சுமார் 1,800 ஒளியாண்டு கீழே கடந்து போகும்.

படி 3: பட்டையையும் புடைப்பையும் ஒன்றாகப் பாருங்கள்

இங்கே அவசரப்பட வேண்டாம். முக்கியமான விஷயம் இதுதான்.

பழைய பாடப்புத்தகப் படத்தில், தட்டையான விண்மீன் தட்டின் நடுவே ஒரு உருண்டை இருக்கும். பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தில் சிறு கேலக்ஸிகள் மோதிச் சேர்ந்து அந்த உருண்டை உருவானது, தட்டு பிறகு வந்தது என்பார்கள். நம் கேலக்ஸியில் அப்படி நடக்கவில்லை என்பதற்கான சாட்சியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

உள்பகுதி வாயுவின் வேகங்கள் வட்டச் சுற்றுக்குப் பொருந்தவில்லை, அங்கே ஒரு பட்டை இருக்க வேண்டும் என்று 1964இலேயே ஜெரார்ட் டி வோகூலர் சொன்னார். பெரிய கவனம் கிடைக்கவில்லை. 1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்களில் புடைப்பு பெட்டி மாதிரி தெரிந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இல்லை. பட்டையின் ஒரு முனை நம் பக்கம் திரும்பியிருந்தால்தான் அப்படித் தெரியும்.

அதை உறுதிசெய்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. வயதான செம்பூதங்களில் ஒரு வகை உண்டு. நடுவில் ஹீலியத்தை எரித்துக்கொண்டிருப்பவை. இவற்றின் உண்மையான பிரகாசம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆகவே ஒன்று மங்கலாகத் தெரிந்தால் அது தொலைவில் இருக்கிறது, பிரகாசமாகத் தெரிந்தால் அருகில். 1994இல் கிரிஸ்டோஃப் ஸ்டானெக் குழுவினர், சிலியில் நடக்கும் ஓகிள் ஆய்வின் தரவை எடுத்து மையத்தின் இருபுறமும் இந்த விண்மீன்களை ஒப்பிட்டார்கள். ஒரு பக்கத்தில் இருந்தவை தொடர்ந்து பிரகாசமாக இருந்தன. பட்டையின் அருகு முனை அது. இன்றைய கணக்கில் பட்டை, நம்மையும் மையத்தையும் இணைக்கும் கோட்டுக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கிறது. மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 13,000 முதல் 16,000 ஒளியாண்டு வரை நீள்கிறது. சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது.

2010இல் இன்னொரு ஆச்சரியம். தட்டின் தளத்திலிருந்து 5 பாகைக்கு மேல் விலகி, மைய நெடுக்கோட்டை ஒட்டி இதே வகை விண்மீன்களை எண்ணிப் பார்த்தால், பிரகாச வரைபடத்தில் ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடுகள் வந்தன. இடைவெளி சுமார் அரை ஒளிப்பரிமாணம் (வானியலர்கள் பிரகாசத்தை அளக்கும் அலகு). அரைப் பரிமாண வித்தியாசம் என்றால் தூரத்தில் ஏறத்தாழ 26 சதவீத வித்தியாசம். அதாவது ஒரே திசையில் முன்னே ஒரு கூட்டம், இடையில் குறைவு, பின்னே இன்னொரு கூட்டம். ஆண்ட்ரூ மெக்வில்லியம், மானுவேலா சொக்காலி இருவரும் ஒருபுறமும், டேவிட் நடாஃப் குழுவினர் மறுபுறமும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். தளத்திலிருந்து விலக விலக இடைவெளி அதிகமாகிறது. பக்கவாட்டில் இருந்து பார்க்க முடிந்தால் புடைப்பு, இரண்டு பருப்பு உள்ள நிலக்கடலை போல நடுவில் ஒடுங்கியிருக்கும். அதற்குள் ஒரு பெருக்கல் குறி எழும்பித் தெரியும்.

இந்த வடிவம் எப்படி வந்தது? தட்டில் போதுமான விண்மீன்கள் சேர்ந்ததும், அவற்றின் ஈர்ப்பே அவற்றை ஒரு பட்டையாக வரிசைப்படுத்துகிறது. பட்டை வலுத்ததும் அதிலிருக்கும் விண்மீன்கள் நீளவாக்கில் வேகமாகவும் மேலும் கீழும் மெதுவாகவும் ஓடுகின்றன. இந்தச் சமநிலை நிலைக்காது. பட்டை தளத்தை விட்டு மேலும் கீழும் நெளிந்து, உள்பகுதி தடித்துவிடுகிறது. அதிர்வு ஒத்திசைவால், அதாவது விண்மீன்களின் மேல்கீழ் அசைவும் பட்டையின் சுழற்சியும் ஒரே தாளத்தில் சேர்வதால், இது மெல்ல மெல்ல நடந்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. எப்படியானாலும் விளைவு ஒன்றே: புடைப்பின் பெரும்பகுதி, தட்டிலிருந்து எழும்பிய தட்டுதான்.

வேகமும் இதற்கு ஒத்துப்போகிறது. பிராவா என்ற ஆய்வு ஆயிரக்கணக்கான செம்பூதங்களின் வேகத்தை அளந்தபோது, தளத்துக்கு அருகில் இருப்பவையும் உயரத்தில் இருப்பவையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றுவது தெரிந்தது. மோதலில் பிறந்த உருண்டையில் உயரம் கூடக் கூட வேகம் குறையும். இந்தத் தரவை வைத்து 2010இல் ஜுந்தாய் ஷென் குழுவினர் போட்ட கணக்கின்படி, அப்படிப்பட்ட பழைய உருண்டை ஒன்று ஒளிந்திருந்தாலும் அதன் நிறை தட்டின் நிறையில் சுமார் 8 சதவீதத்தைத் தாண்டாது.

ஒரு நுணுக்கத்தை மறக்க வேண்டாம். இரும்பு போன்ற தனிமங்கள் செறிந்த விண்மீன்கள்தான் அந்த இரட்டை மேட்டைக் காட்டுகின்றன. செறிவு குறைந்த பழையவை காட்டுவதில்லை. பிறக்கும்போதே அமைதியான பாதையில் சுற்றியவை பட்டையோடு எளிதாகச் சேர்ந்துகொண்டன, தாறுமாறாகச் சுற்றியவை அவ்வளவு சேரவில்லை என்பது 2017இல் விக்டர் டெபாட்டிஸ்டா குழுவினர் தந்த விளக்கம்.

படி 4: பட்டை கொண்டுவந்து கொட்டும் வாயு

பட்டைக்குள் நுழையும் வாயு, பட்டையின் ஈர்ப்பில் சிக்கித் தன் சுழல் உந்தத்தை இழக்கிறது. தூசிப் பாதைகள் வழியே அதிர்ந்து மோதி உள்ளே சரிகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சூரிய நிறை அளவுக்கு இப்படி வந்து சேரலாம். அது தங்கும் இடம் மையத்திலிருந்து சில நூறு ஒளியாண்டு தூரத்தில் உள்ள வளையம். மைய மூலக்கூறு மண்டலம் என்பார்கள். அதில் சில கோடி சூரிய நிறைக்கு வாயு இருக்கிறது. நம் பக்கத்து வாயு மேகங்கள் தனிச்சுழியத்துக்கு (மைனஸ் 273 செல்சியஸ்) மேல் 10, 20 பாகையில் உறைந்து கிடக்க, இங்கே 50 முதல் 100 பாகை. கொந்தளிப்பும் அதிகம்.

இங்கே ஒரு புதிர். இவ்வளவு அடர்ந்த வாயுவுக்கு விண்மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்க வேண்டும். பிறப்பது எதிர்பார்ப்பில் பத்தில் ஒரு பங்கு. செங்கல் என்று வானியலர்கள் பெயர் வைத்த மேகம் இதற்கு நல்ல சாட்சி: ஒரு லட்சம் சூரியன்களுக்கு மேலான வாயு, ஆனால் புது விண்மீன்கள் ஏறக்குறைய இல்லை. கொந்தளிப்பும் காந்தப்புலமும் வாயுவைச் சுருங்க விடாமல் தடுக்கின்றன என்பது பெரும்பான்மைக் கருத்து. இன்னொரு பக்கம் சஜிட்டேரியஸ் பி2 மேகத்தில் பிறப்பு மும்முரமாக நடக்கிறது. வேதியியல் ஆர்வம் உள்ளவர்கள் இதைத் தனியாகவே படிக்கலாம். 2009இல் அங்கே எத்தில் ஃபார்மேட் என்ற கரிம மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். ஆர்ச்சஸ், குவின்டப்லட் என்ற இரண்டு இளம் கொத்துகளும் இந்த மண்டலத்துக்குச் சொந்தம். சில லட்சம் ஆண்டுகள் கூடக்குறைய, 30, 40 லட்சம் வயதுதான் ஆகிறது.

இந்த வாயுவிலிருந்து காலம் காலமாகப் பிறந்த விண்மீன்கள் சேர்ந்ததுதான் உட்கருத் தட்டு: சுமார் 100 கோடி சூரிய நிறை. இது நமக்கு ஒரு கடிகாரம், அதைப் படி 7இல் பார்ப்போம்.

ரேடியோ அலையில் இந்த இடமே வேறு. 1984இல் ஃபர்ஹாத் யூசெஃப்-சாதே குழுவினர் இங்கே மெல்லிய நீண்ட காந்த இழைகளைக் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கி 2022இல் வெளியிட்ட படத்தில் அவை ஏறத்தாழ ஆயிரம். சில 150 ஒளியாண்டு நீளம். அந்தப் படத்தை முழு அளவில் ஒருமுறை பாருங்கள்.

படி 5: உட்கருக் கொத்து

இன்னும் உள்ளே, சுமார் 15 ஒளியாண்டு தூரத்துக்குள் இரண்டரைக் கோடி சூரிய நிறைக்கு விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை முதியவை. ஆனால் கருந்துளையை ஒட்டிய ஓரிரு ஒளியாண்டுக்குள் 40 முதல் 60 லட்சம் ஆண்டே ஆன பெருவிண்மீன்கள் இருக்கின்றன. சாதாரண வாயு மேகம் அங்கே போனால் கருந்துளையின் ஈர்ப்பில் கிழிந்துவிடும். ஆகவே கருந்துளையைச் சுற்றியே ஓர் அடர்ந்த வாயுத் தட்டு உருவாகி, அது துண்டாகி இவை பிறந்தன என்பது இப்போதைக்கு வலுவான விளக்கம். பலவும் ஒரே தட்டில், ஒரே திசையில் சுற்றுவது அதற்குத் துணை நிற்கிறது.

படி 6: கருந்துளையை நீங்களே எடை போடுங்கள்

1933இல் கார்ல் ஜான்ஸ்கி, தனுசு திசையிலிருந்து ரேடியோ இரைச்சல் வருவதாக அறிவித்தார். 1974 பிப்ரவரியில் புரூஸ் பாலிக்கும் ராபர்ட் பிரவுனும் அதற்குள் ஒரு புள்ளி மூலத்தைப் பிரித்தறிந்தார்கள். அதுதான் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார். புனே அருகிலுள்ள நம் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியும் 2004இல் 580 மெகாஹெர்ட்ஸில் இதைப் பிடித்தது.

அது கருந்துளைதான் என்று நிரூபித்தவை, அதைச் சுற்றும் விண்மீன்கள். ஜெர்மனியில் ரைன்ஹார்ட் கென்செல் குழுவும் அமெரிக்காவில் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் 1990களிலிருந்து அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். 2020இல் நோபல் பரிசு. அவர்கள் பார்த்த எஸ்2 என்ற விண்மீனை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம்.

எஸ்2 பாதையின் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதி), வானில் 0.125 விகலை. விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. மையத்தின் தூரம் 8,277 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). இரண்டையும் பெருக்கினால் விடை நேராகப் பூமி-சூரியன் தூர அலகில் வந்துவிடும்: சுமார் 1,035. சுற்றுக் காலம் 16.05 ஆண்டு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சூரிய நிறை அலகில் எடை கிடைக்கும். 1,035இன் கனம் ஏறத்தாழ 110.9 கோடி. 16.05இன் வர்க்கம் 257.6. வகுத்துப் பாருங்கள்: 43 லட்சம். 17ஆம் நூற்றாண்டு விதி ஒன்றை வைத்துக்கொண்டு, 27,000 ஒளியாண்டு தொலைவில் இருப்பதை எடை போட்டுவிட்டீர்கள்.

2018 மே 19 அன்று எஸ்2 கருந்துளைக்கு மிக அருகே, 120 மடங்கு பூமி-சூரியன் தூரத்தில், நொடிக்கு 7,700 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. அப்போது அதன் ஒளி ஐன்ஸ்டீன் சொன்னபடி சிவந்தது. 2022இல் வெளியான படத்தின் ஒளி வளையம் 52 மைக்ரோ விகலை அகலம். தூரத்தைப் போட்டால் சுமார் 6.4 கோடி கிலோமீட்டர். ஒளிகூடத் தப்ப முடியாத நிகழ்வெல்லையின் விட்டம் 2.5 கோடிதான். வளைந்து வரும் ஒளி வளையத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

படி 7: அடுக்குகளைக் கால வரிசையில் வையுங்கள்

இப்போது கதையைக் கோக்கலாம். 2022இல் ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸ் குழுவினர் கையா செயற்கைக்கோளின் நிறமாலைகளைக் கொண்டு, மையத்தைச் சுற்றி உலோகம் (இரும்பு போன்ற தனிமங்களை வானியலில் இப்படிச் சொல்வார்கள்) மிகக் குறைந்த விண்மீன்களின் இறுக்கமான கூட்டம் ஒன்றைக் காட்டினார்கள். 1,250 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை. பட்டைக்கும் முந்திய முதல் பால்வீதி இது. அடுத்து 800 முதல் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் கையா-என்செலாடஸ் என்ற சிறு கேலக்ஸி வந்து மோதியது. அதன் விண்மீன்கள் பெரும்பாலும் தட்டைச் சூழ்ந்த ஒளிவட்டத்துக்குப் போயின. நடுப்பகுதியைக் கட்டியது அந்த மோதல் அன்று.

பட்டை எப்போது வந்தது? உட்கருத் தட்டின் கடிகாரம் இங்கேதான் உதவும். பட்டை பிறந்ததும் வாயு உள்ளே சரியத் தொடங்கும், உட்கருத் தட்டு பிறக்கும். ஆக, தட்டின் மூத்த விண்மீன்களின் வயதே பட்டையின் வயது. துடிக்கும் மிரா வகை விண்மீன்களை வைத்து ஜேசன் சாண்டர்ஸ் குழுவினர் போட்ட கணக்கு: சுமார் 800 கோடி ஆண்டு. பட்டை தடித்து நிலக்கடலை வடிவம் பெற்றது அதன் பிறகு. 2020இல் பிரான்சிஸ்கோ நொகேராஸ்-லாரா குழுவினர், உட்கருத் தட்டில் ஒரு நீண்ட அமைதிக்குப் பிறகு, சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் விண்மீன் பிறப்பு வெடித்ததைக் கண்டார்கள்.

அப்புறம் அண்மைக்காலம். தட்டுக்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு எழும்பி நிற்கும் காமா கதிர்க் குமிழ்கள், ஃபெர்மி தொலைநோக்கியின் தரவில் 2010இல் கண்டவை, கடந்த சில கோடி ஆண்டுக்குள் மையத்தில் ஏதோ பெரிதாக வெடித்ததற்குத் தடயம். கருந்துளையா, விண்மீன் பிறப்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உட்கருக் கொத்தின் அந்த இளம் விண்மீன்களின் வயதைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வாயுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. 2023இல் ஐ.எக்ஸ்.பி.இ. செயற்கைக்கோள், வாயு மேகங்களில் பட்டுத் திரும்பும் எக்ஸ் கதிர் எதிரொலியை அளந்து, கருந்துளை சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பலமாக ஒளிர்ந்ததைக் காட்டியது. இன்று அது மொத்தமாக வெளியிடும் ஆற்றல் சில நூறு சூரியன்களுக்கு மேல் இல்லை.

ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. ஹபிள் தொலைநோக்கியில் புடைப்பின் விண்மீன்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே 1,000 கோடி வயதைக் காட்டுகின்றன. தாமஸ் பென்ஸ்பி குழுவினர், ஈர்ப்பு வில்லையால் (முன்னே கடக்கும் விண்மீனின் ஈர்ப்பு ஒளியை வளைத்துக் குவிப்பதால்) தற்காலிகமாகப் பிரகாசமடைந்த குட்டி விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, உலோகம் செறிந்தவற்றில் கணிசமானவை 800 கோடிக்கும் குறைந்த வயதுடையவை என்று வந்தது. இரண்டும் கவனமான வேலை. புடைப்புத் திசையை அகச்சிவப்பில் திரும்பத் திரும்பப் படமெடுக்கவே நாசாவின் ரோமன் தொலைநோக்கியில் ஒரு தனி ஆய்வுத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். அந்தத் தரவு வரும்போது முதலில் தேட வேண்டியது இந்த வயதுப் பட்டியலைத்தான்.